எதிர்த்தசை

சென்னியப்பனின் வலது கை மறுபடி பேசத் தொடங்கிச் சில வாரங்கள் ஆன பிறகுதான், அது அவரைக் கேட்காமலும் பேசுகிறது என்பது வீட்டில் தெரியவந்தது.

அவருக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அவர் மனைவி சாந்தாமணிக்கும் அப்படியே. இருவருக்கும் கைதான் நாக்கு. பள்ளியில் படித்த சைகை பாதி, நீண்ட குடித்தனத்தில் தாங்களே உண்டாக்கிக்கொண்ட வீட்டுச் சைகை பாதி. அவர்களுக்குப் பிறந்த ஒரே மகளுக்கு நன்றாகக் காது கேட்டது. தாய்மாமன் வந்து அவளுக்குத் தேன்மொழி என்று பெயர் வைத்துவிட்டுப் போனார். அந்தப் பெயர் எப்படி ஒலிக்கும் என்று பெற்றவர்களுக்குத் தெரியாது. அதனால் சென்னியப்பன் தன் பங்குக்கு ஒரு பெயர் வைத்தார். கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் காதுமடலின் நுனியைப் பிடித்து மெல்ல இழுப்பது. அதுதான் அவள். அந்த வீட்டின் காது.

போன மாசியில், கணபதிப் பகுதியில் ஒரு பம்ப் பட்டறையில் லேத்தின் முன் நின்றிருந்தவர் அப்படியே சரிந்தார். தலைக்குள் ஒரு சிறு ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. நினைவுக்கும் மொழிக்கும் ஒன்றும் ஆகவில்லை. கால் முக்கால்வாசி திரும்பி வந்தது. வலது கை வரவில்லை. இடது கையிலோ பட்டறை எப்போதோ இரண்டு விரல்களை வாங்கியிருந்தது. மிச்ச விரல்களால் அவர் எதையாவது சொல்ல முயன்றால் திக்கித் திக்கி, பாதிச் சொல்லாக வந்தது. கொஞ்ச நாளில் முயல்வதையும் விட்டுவிட்டார். கை போனவர் என்றுதான் பக்கத்து வீட்டார் பேசிக்கொண்டார்கள். வாய் போனவர் என்பது தேன்மொழிக்கும் அவள் அம்மாவுக்கும்தான் தெரியும்.

நகரத்து மருத்துவமனை ஒன்றில் 'பாலம்' என்று ஒன்றைச் சிலருக்குப் பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தேன்மொழிதான் அலைந்து இடம் வாங்கினாள். அதைக் கவனித்துக்கொண்டவன் ரஃபீக் என்ற இளைஞன். கோட்டைமேட்டுக்காரன். சிரிக்கும்போது மட்டும் பேச்சை நிறுத்துவான்.

"கையை அசைக்கணும்னா மொதல்ல தலைக்குள்ள ஒரு ஏற்பாடு நடக்குமுங்க அக்கா" என்று அவன் முதல் நாள் விளக்கினான். "இந்த வெரலு மடங்கணும், அந்த முழங்கை நீளணும்னு. அந்த ஏற்பாடு முதுகுத்தண்டு வழியா எறங்கித் தசைக்கு வந்து சேரும். ஐயாவுக்குத் தலை நல்லா இருக்கு, தசையும் நல்லா இருக்கு. நடுவுல ரோடு அத்துப்போச்சு, அவ்வளவுதானுங்க. நாங்க தலையில சின்னதா ஒரு தகடு வெச்சு, அந்த ஏற்பாட்டைப் படிச்சு, கையில போடற உறைக்கு அனுப்பறோம். உறை தசையை இழுக்கும்."

"அவ்வளவுதானா?"

"சொல்றதுக்கு அவ்வளவுதான். கஷ்டம் எங்கன்னா, இங்க தொட்டுப் பாருங்க." அவன் தன் முழங்கையை மடக்கி நீட்டினான். "மடக்கற தசை இழுக்கறப்ப எதிர்த்தசை விட்டுக் கொடுக்கணும். இப்ப ரெண்டையும் ஒண்ணா இழுக்கறேன். கை அசையுதுங்களா?"

அசையவில்லை. ஆனால் அவள் விரலின் கீழே அவன் கை கல்லாக இறுகியிருந்தது.

"பார்க்கறவங்களுக்குச் சும்மா இருக்கற மாதிரித்தான் தெரியும். உள்ள மல்லுக்கட்டே நடக்குது" என்று சொல்லிச் சிரித்தான்.

அதை அவள் அப்பாவுக்குச் சைகையில் எடுத்துச் சொன்னாள். அம்மா குறுக்கே புகுந்து, ‘டம்ளர் பிடிப்பாரா, அதைக் கேள்’ என்றாள்.

டம்ளர் பிடித்தார். அதற்கு முன்பே, உறையை மாட்டி முடுக்கிய அந்த முதல் நிமிடத்தில், அவருடைய வலது கை மடியிலிருந்து எழுந்து, தடுமாறி, கன்னத்தில் ஒருமுறை மோதி, காதுமடலைப் பிடித்து இழுத்தது. தேன்மொழி திரும்பிக்கொண்டாள். அப்பா அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எட்டு மாதம் ஆகியிருந்தது.

உறை தசையை இழுக்கும்போது கொசு பறப்பதுபோல ஒரு சன்னமான ரீங்காரம் எழுந்தது. அந்த வீட்டில் அது அவளுக்கு மட்டுமே கேட்டது. அப்படி ஒரு சத்தம் வருகிறது என்று மற்ற இருவரிடமும் சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை.

*

முதலில் மாட்டிக்கொண்டவர் துரைச்சாமி. பட்டறையில் பக்கத்து லேத்துக்காரர். இத்தனை வருடச் சகவாசத்தில் சைகையை ஓரளவு பிடித்துக்கொண்டவர், இருந்தாலும் பழக்கதோஷத்தில் வாயாலும் கத்துவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு சீப்பு நேந்திரம்பழத்தோடு வந்து உட்கார்ந்தார்.

"ஏண்டா சென்னி, கையில கரண்டு ஓடுதாமா? தொட்டா ஷாக் அடிக்குமா?" என்றார். "உன் லேத்துல ஒரு பையனை நிறுத்தியிருக்காங்க. நாலு நாளா ஒரே போல்ட்டுல த்ரெட்டைப் போட்டுட்டுக் கெடக்கறான்."

சென்னியப்பன் சிரித்தபடி தலையாட்டிக்கொண்டிருந்தார். மடியில் கிடந்த கை எழுந்தது.

‘இவன் எப்போது எழுந்து போவான்? காலையிலேயே குடித்திருக்கிறான். நாறுகிறது.’

அறையில் இருந்த நான்கு பேருக்கும் அது புரிந்தது. சென்னியப்பனின் முகத்தில் சிரிப்பு இன்னும் போகவில்லை. முகத்துக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை என்பதுபோல இருந்தது. பிறகு இடது கையால் வலது மணிக்கட்டை எட்டிப் பிடித்து, திருடனைப் பிடித்தவர்போல அதைப் பார்த்தார்.

‘நான் சொல்லவில்லை’ என்றது அந்தக் கையே.

"பின்ன யாருடா சொன்னா? உங்க மாமனாரா?" துரைச்சாமி சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். "அம்மிணி, உங்கப்பன் கைக்குத் திமிரு ஏறிப்போச்சு. நான் வர்றேன்." அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை.

அதற்குப் பிறகு கவனித்துப் பார்த்தால், நாள் முழுவதும் ஏதாவது ஒன்று நடந்துகொண்டே இருந்தது. தட்டின் முன் உட்கார்ந்ததும், ‘சோறு குழைந்துவிட்டது’ என்றது கை. சாந்தாமணி முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். ‘கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான் வடிக்கிறேன். இன்றுதான் உங்களுக்கு வாய் வந்ததா?’ மறுநாள் உதிரி உதிரியாக வடித்துப் போட்டாள். அவர் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நடுவில் எத்தனையோ தடவை, யாரையும் பார்க்காமல், கை காதுமடலுக்குப் போய்ப் போய் வந்தது. அவர் டிவி பார்க்கும்போது. துணி மடிக்கும்போது. ஒன்றுமே செய்யாமல் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருக்கும்போது. தான் இவ்வளவு தடவை நினைக்கப்படுகிறோம் என்பது தேன்மொழிக்கு முப்பத்தோரு வயதில்தான் தெரிந்தது. அது சந்தோஷமாக இல்லை. யாரோ முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டே இருப்பதுபோல இருந்தது.

அவள் ஒரு பால் பண்ணை ஆய்வகத்தில் வேலை பார்த்தாள். வெளிநாட்டு வாய்ப்பு அவளைத் தேடி இரண்டு முறை வந்திருந்தது. ஒருமுறை அம்மாவின் கர்ப்பப்பை அறுவை, ஒருமுறை வேறேதோ. இரண்டையும் விட்டாள். மூன்றாவதாக நியூசிலாந்திலிருந்து வந்தது. மூன்று வருட ஒப்பந்தம். இந்த வயதுக்கு மேல் இன்னொன்று வராது என்று அவளுக்குத் தெரியும். ஒரு சாயங்காலம், சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னாள்.

அவள் கை கீழே இறங்குவதற்குள் அவர் கை எழுந்துவிட்டது.

‘போ’ என்றது. உடனே காதுமடலைத் தொட்டது. பிறகு காற்றில் எதையோ பிடிப்பதுபோல விரல்களை மூடி, அந்த முஷ்டியை நெஞ்சோடு அழுத்தியது. அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது தேர்க்கூட்டத்தில் தொலைந்துவிடாமல் இருக்க உண்டாக்கிய சைகை அது. என்னோடேயே இரு, விட்டுப் போகாதே என்று பொருள். அது முடிவதற்குள், ‘போனால் நிம்மதி. எப்போதும் என்னைக் கவனித்துக்கொண்டே இருக்கிறாள்.’ அதற்குள், ‘தலை நரைக்கிறது இவளுக்கு. என்னால்தான்.’ மறுபடி காதுமடல், முஷ்டி, நெஞ்சு. பிறகு கை சாந்தாமணியின் பக்கம் திரும்பியது. ‘இவளோடு மட்டும் எப்படி? ஐந்து நிமிடத்துக்கு மேல் இவளோடு பேச என்ன இருக்கிறது?’

சாந்தாமணியின் கை தட்டிலேயே நின்றது.

அந்த வீட்டில் சண்டை வந்தால் அதை முடிக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, எதிராளி பேசிக்கொண்டிருக்கும்போதே கண்ணை மூடிக்கொள்வது. அது காறித் துப்புவதைவிட மோசம். கணவன் மனைவி இருவரும் அதை இரண்டொரு முறைதான் செய்திருக்கிறார்கள். மகள் பெற்றோரிடம் செய்ததே இல்லை. இன்னொன்று, எழுந்து போய் விளக்கை அணைப்பது. அதில் யாருக்கும் தோல்வி கிடையாது. இருட்டில் யாரும் யாரோடும் பேச முடியாது. கோபம் தானாக வற்றும்.

சாந்தாமணி எழுந்து விளக்கை அணைத்தாள்.

மூவரும் தட்டுகளின் முன் இருட்டில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் இருவருக்கும் பேச்சு முடிந்துவிட்டது. தேன்மொழிக்கு முடியவில்லை. ரீங்காரம் கேட்டுக்கொண்டிருந்தது. சட்டைத் துணி உரசும் ஓசை. தோலில் தோல் படும் ஓசை. முஷ்டி நெஞ்சில் விழும் மெத்தென்ற ஓசை, திரும்பத் திரும்ப. அவர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். அல்லது அவர் கை பேசிக்கொண்டிருந்தது. அவள் அதைக் கேட்டபடி சோறு காய்ந்த விரல்களோடு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

*

"தப்பு எங்க மேலதானுங்க அக்கா" என்றான் ரஃபீக். பாலம் பதிந்து வைத்திருந்த கையசைவுகளைத் திரையில் ஓட்டிப் பார்த்த பிறகு அவன் சிரிக்கவில்லை. "பாலத்தை நாங்க காது கேக்கறவங்களை வெச்சுத்தான் பழக்கினோம். அவங்களுக்குக் கைன்னா டம்ளர் எடுக்க, கதவு தெறக்க. அவங்க யோசிக்கறது கைக்கு வராது. ஐயா யோசிக்கறதே கையாலதானே? இது ஒருத்தருக்கும் தோணலை."

"எல்லாரும்தான் யோசிக்கறோம். எல்லாத்தையுமா சொல்றோம்?"

"அதேதான். நீங்க மனசுக்குள்ள ஒருத்தரைத் திட்டறப்ப உங்க நாக்கு தயாராயிரும். ஆனா அசையறதுக்குள்ள 'வேண்டாம்'னு ஒரு பிடி விழும். எல்லாருக்கும் விழும். ஐயாவுக்கும் விழுது. அந்தப் பிடி விழறதுக்குள்ள எங்க பாலம் முந்திக்குது. முந்தட்டும்னு நாங்கதான் வெச்சோம். மெதுவா வெச்சா டம்ளர் கீழ விழுந்துருது."

"அந்தப் பிடியைப் படிக்க முடியாதா?"

"அது வேற எடத்துல இருந்து வருது. அங்க தகடு இல்லை. மறுபடி தலையைத் தெறக்கணும். டாக்டரு ஒத்துக்க மாட்டாங்க."

"அப்ப கழட்டிரலாம்."

"கழட்டலாம்" என்றான். கண்ணாடிக்கு அப்பால் நடைக்கூடத்தில் சென்னியப்பன் உட்கார்ந்திருந்தார். வலது கையை இரண்டு தொடைகளுக்கும் நடுவில் வைத்து இறுக்கிக்கொண்டிருந்தார். வீட்டிலும் இப்போது அப்படித்தான் உட்கார்ந்தார். சாந்தாமணி இருக்கும் அறைக்கு அவர் போவதில்லை.

ரஃபீக் மெதுவாகச் சொன்னான். "இன்னொரு வழி இருக்கு. நாமளே ஒரு பிடி செஞ்சு வெக்கலாம். எந்தெந்தப் பேச்சு வந்தா விடக்கூடாதுன்னு பாலத்துக்குச் சொல்லிக் கொடுத்துட்டாப் போதும். அது கெளம்பறப்பவே எதிர்த்தசையையும் சேர்த்து இறுக்கிரும். கை அப்படியே நின்னுக்கும். யாராவது பதிவையெல்லாம் பார்த்து, இது ஐயா சொல்றது, இது சொல்ல மாட்டாருன்னு பிரிச்சுத் தரணும்."

"அப்பாவே பிரிக்கட்டும்."

"காலையில காட்டிப் பார்த்தனுங்களே. தன் கையைத் திரையில பார்த்ததும் அதே நெனப்பு மறுபடி வருது, கை மறுபடி அதையே சொல்லுது. பிரிக்கவே முடியலை."

வீட்டுக்கு வந்ததும் தேன்மொழி சாந்தாமணியிடம் கேட்டாள். ‘அது அவர் வாய்’ என்றாள் அம்மா. ‘எதை மூடுவது என்று நான் எப்படிச் சொல்வேன்?’ அன்று இருட்டில் உட்கார்ந்ததிலிருந்து அவள் அதிகம் பேசுவதில்லை.

மிச்சம் இருந்தது தேன்மொழி. அவளுக்கு அது புதிய வேலையாகத் தோன்றவும் இல்லை. பேசப் பழகிய நாளிலிருந்து அவள் இரண்டு பக்கத்துக்கும் நடுவில்தான் நின்றிருக்கிறாள். வீட்டுக்காரர் "செவிட்டுப் பயலுக்கு வாடகை தேதி ஞாபகம் இருக்காதா?" என்றபோது, ஏழு வயதுப் பெண் திரும்பி, ‘மாமா நலமா என்று கேட்கிறார்’ என்று சொன்னாள். அப்பா கோபத்தில் வீசிய சைகைகளை, "கொஞ்சம் பொறுத்துக்குங்கன்னு கேக்கறாருங்க" என்று பவ்யமாக இறக்கி வைத்தாள். இரண்டு பக்கமும் அவளை நம்பியது. அல்லது நம்புவதுபோல இருந்துகொண்டது. அப்பாவின் முகம் சில சமயம் அவள் சொல்லி முடித்த பிறகும் ஒரு கணம் அவள் மேலேயே நிற்கும். அதை மட்டும் அவள் யாருக்கும் மொழிபெயர்க்கவில்லை.

ரஃபீக்கை வைத்துக்கொண்டே அப்பாவிடம் விளக்கிச் சொன்னாள். நீங்கள் சொல்ல விரும்பாததைக் கை சொல்லாமல் பார்த்துக்கொள்ளலாம். எது எது என்று நான் பிரித்துக் கொடுக்கிறேன். சரியா?

தொடைகளுக்கு நடுவிலிருந்து கையை எடுத்தார். ‘பயமாக இருக்கிறது’ என்றது கை. பிறகு, ‘சரி.’

"சரிங்கறாரு" என்றாள் ரஃபீக்கிடம்.

"அதுக்கு முன்னாடி என்னமோ சொன்னாரே?"

"ஒண்ணுமில்லை. சரிங்கறாரு."

*

ஜன்னல் இல்லாத ஒரு சிறிய அறையில் அந்த வேலை நடந்தது. திரையில் ஒரு கை மட்டும் தெரியும். முகம் கிடையாது. ஒவ்வொரு பேச்சும் ஓடி முடிந்ததும் கீழே இரண்டு கட்டங்கள் வரும். விடு. நிறுத்து.

முதலில் சுலபமாக இருந்தது. தண்ணீர் கேட்டால் விடு. துரைச்சாமியின் நாற்றம் என்றால் நிறுத்து. அம்மாவைப் பற்றி அன்று சொன்னது வந்தபோது அவள் பார்த்து முடிக்கும் முன்பே நிறுத்து என்று தொட்டுவிட்டாள். அப்புறம் சோறு குழைந்துவிட்டது என்பது வந்தது. யோசித்தாள். அதைச் சொன்ன பிறகுதான் அவர் ஆசையாகச் சாப்பிட்டார். ஆனாலும் கல்யாணமான நாளிலிருந்து அதைச் சொல்லாமல் இருந்தவர் அவர். சொல்ல மாட்டார். நிறுத்து. ‘வலிக்கிறது’ என்று ஒன்று. காலைத் தடவும் அசைவோடு, வீட்டில் அவர் மட்டும் இருந்த நேரத்துப் பதிவு. அப்பா ஒருநாளும் வலி என்று சொன்னதில்லை. இரண்டு விரல் போன அன்றுகூட மருத்துவமனையில் அவளுக்கு மிட்டாய் வாங்கிக் கொடுக்கச் சொல்லித்தான் அம்மாவிடம் சைகை காட்டினார். நிறுத்து.

ஒரு மனிதனிடமிருந்து அவன் சொல்லாமல் விட்டதையெல்லாம் எடுத்து ஒரு பக்கமும், சொன்னதை ஒரு பக்கமும் வைத்தால், எந்தப் பக்கம் அவன் இருப்பான் என்று அவளுக்கு ஒரு சமயம் குழப்பம் வந்தது. மனத்தில் வந்து போவது எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கும். எதை விழுங்கினார், எதை வெளியே விட்டார் என்பதில்தான் அப்பா அப்பாவாக இருந்திருக்கிறார். அந்த வேலையைத்தான் அவர் இடத்தில் உட்கார்ந்து தான் செய்துகொண்டிருக்கிறோம் என்று நினைத்தபோது விரல் சற்றுத் தயங்கியது. பிறகு பழக்கம் வென்றது. விரல் தொடர்ந்தது.

காதுமடல், முஷ்டி, நெஞ்சு.

"இது நெறையா வருதுக்கா" என்றான் பின்னால் உட்கார்ந்திருந்த ரஃபீக். "அன்னைக்கு மட்டுமில்லை, அதுக்கப்புறமும் தெனமும் இருக்கு. என்னங்க இது?"

"பழைய வார்த்தை. சின்ன வயசுல கூட்டத்துல என்னைத் தொலைச்சிரக் கூடாதுன்னு சொல்றது."

"விட்டுரலாமா?"

திரையில் அந்தக் கை நெஞ்சோடு அழுந்தியபடி உறைந்து நின்றது. கல்லூரி விடுதிக்கு அவளை அனுப்பிய அன்று அவர், ‘போ’ என்று ஒரே ஒரு சைகைதான் செய்தார். முதல் வேலைக்குச் சேர்ந்து வேறு ஊருக்குப் போனபோதும் அதேதான். இரண்டு வாய்ப்புகளை அவள் விட்டபோதும், ‘ஏன் விட்டாய்? போயிருக்கலாமே’ என்றார். வாழ்நாளில் ஒருமுறைகூட அவர் இதைச் சொன்னதில்லை.

"அவரு இதைச் சொல்ல மாட்டாரு" என்றாள்.

அது உண்மைதான். அந்த உண்மையில் ஓர் ஓட்டையும் இல்லாதபடி அவள் அதை இன்னொரு முறை மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

"நிறுத்திருங்க."

*

வீடு பழையபடி ஆயிற்று. பழையதைவிடவும் நன்றாக இருந்தது. சென்னியப்பனின் கை காலையில் எழுந்ததும் சாந்தாமணியிடம், ‘நன்றாகத் தூங்கினாயா?’ என்றது. காப்பியை வாங்கிக்கொண்டு, ‘நன்றாக இருக்கிறது’ என்றது. கொஞ்ச நாள் ஒதுங்கியே இருந்த அம்மா மெல்லமெல்லப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சோறு மறுபடி குழைந்தது. துரைச்சாமி வந்து ஒருமணி நேரம் உட்கார்ந்து, "இப்பத்தாண்டா நீ பழைய சென்னி" என்று முதுகில் தட்டிவிட்டுப் போனார். நியூசிலாந்தைப் பற்றிக் கேட்டபோது, ‘போ. நல்ல இடம். நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்றது கை, தெளிவாக, அழகாக.

சில சமயம் கை நடுவில் நின்றுபோகும். மடியிலிருந்து ஒரு சாண் எழுந்து அப்படியே நிற்கும். ‘யோசிக்கிறார்’ என்பாள் அம்மா. ஒருநாள் அவர் கால் பெருவிரல் நகம் பெயர்ந்து ரத்தம் காய்ந்திருப்பதை அம்மா தற்செயலாகப் பார்த்தாள். எங்கோ இடித்துக்கொண்டிருக்கிறார். ‘ஒரு வார்த்தை சொன்னாரா பார்’ என்று மகளிடம் குறைப்பட்டுக்கொண்டாள். அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. தேன்மொழி மருந்து வைத்துக் கட்டினாள். குனிந்திருந்த அவள் தலைக்கு மேலே ரீங்காரம் வெகுநேரம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தபோது கை மடியில் இருந்தது.

புறப்படும் நாள் வந்தது. மதியம் விமானம். வாசலில் டாக்ஸி வந்து நின்றது. டிரைவர் பெட்டிகளைத் தூக்கிப் பின்னால் அடுக்கினான். சாந்தாமணி ஊறுகாய் டப்பாவை மூன்றாவது முறையாகத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள். சென்னியப்பன் கேட் வரை நடந்து வந்திருந்தார். இடது கையால் கேட்டின் கம்பியைப் பிடித்திருந்தார். விட்டால் விழுந்துவிடுவார்.

‘போய்விட்டு வரட்டுமா?’ என்றாள்.

‘போய்விட்டு வா’ என்றது வலது கை.

அவள் குனிந்து பையை எடுத்தாள். நிமிர்ந்தபோது அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். துரைச்சாமியின் முன் அன்று பார்த்த முகம் அல்ல. கை ஒன்று சொல்ல, பின்தங்கி நின்ற முகம் அல்ல. இப்போது முகம் முன்னால் வந்திருந்தது. எதையோ வெகுநாள் நிறுத்துப் பார்த்து, சரி என்று முடிவுக்கு வந்தவரின் முகம். ஒருமுறை தனக்குத்தானே தலையாட்டிக்கொண்டார். கை எழுந்தது. தடுமாறவில்லை. நேராகப் போய்க் காதுமடலைப் பிடித்து இழுத்தது.

அங்கேயே நின்றது.

‘பார், உன்னையே கூப்பிடுகிறார்’ என்று சாந்தாமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

காதோரம் நின்ற அந்தக் கையைத் தேன்மொழி பார்த்தாள். பார்ப்பவர்களுக்குச் சும்மா இருப்பதுபோலத்தான் இருந்தது. உறை முடியும் இடத்தில் மணிக்கட்டின் நரம்புகள் இரண்டு பக்கமும் கம்பிபோல எழுந்து நின்றன. முழங்கைக்கு மேலே, முன்தசையும் பின்தசையும் ஒருசேரப் புடைத்திருந்தன. கழுத்திலிருந்து வியர்வை இறங்கிச் சட்டைக்குள் போனது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு தன் கையைக் கீழே, நெஞ்சுக்கு இழுத்துக்கொண்டிருந்தார். வாழ்நாளில் முதல்முறையாக, தெரிந்து, வேண்டும் என்றே, அதைச் சொல்ல வந்திருந்தார்.

கை இறங்கவில்லை.

அவர் தன் கையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். அவள் சிறுமியாக மொழிபெயர்த்து முடித்த பிறகும் ஒரு கணம் அவள் மேல் நிற்குமே, அந்தப் பார்வை. இம்முறை அது நகரவில்லை.

டாக்ஸி டிரைவர் ஹாரன் அடித்தான். அவள் மட்டும் திடுக்கிட்டாள்.

அந்தப் பிடியை எடுக்கச் சொல்ல ரஃபீக்குக்கு ஒரு போன் போதும். அதுகூட வேண்டாம். இரண்டு எட்டு வைத்து, அந்தக் கையைப் பிடித்து, அவர் நெஞ்சில் கொண்டுபோய் வைத்தால் போதும். மிச்சச் சொல்லை அவர் சொல்லி முடித்துவிடுவார். சொல்லி முடித்துவிட்டால் அதற்கு அவள் பதில் சொல்லியாக வேண்டும்.

அந்த வீட்டில் பிறந்து வளர்ந்த இத்தனை வருடங்களில் செய்யாத ஒன்றை அவள் செய்தாள். அப்பாவின் முகத்துக்கு நேராக நின்று, கண்ணை மூடிக்கொண்டாள்.

இருட்டுக்குள் ரீங்காரம் கேட்டது. அவர் பிடித்திருந்த கேட் மெல்ல அதிர்ந்துகொண்டிருந்தது. அம்மாவின் வளையல் ஓசை நின்றது. ரீங்காரம் மேலே ஏறி, ஒரே சுருதியில், நீண்டுகொண்டே போனது.

அது நிற்கும்வரை அவள் கண்ணைத் திறக்கவில்லை.